நாலு மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கடிதம்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 31. பி.காம். படித்தவர். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடமாக வேலை; இப்போது ஷூவின் மேல்பாகத்தை (அப்பர்) தைக்கிற செக்ஷனில் லைன் சூப்பர்வைசர். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். வீடு திரும்ப மாலை ஏழு ஆகும், ஓவர்டைம் இருந்தால் எட்டரை. கணவர் லுங்கி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், யு.கே.ஜி.யில் ஒரு பையன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக் கூட்டி வருவது மாமியார்.

இவருக்கு மூன்று ஆசைகள். குரூப் 4 எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும். அது முடியாவிட்டால் வீட்டோடு ஒரு தையல் கடை போட வேண்டும். போன வருடம் மருத்துவ முகாமில் சுகர் 'பார்டரில்' இருப்பதாகச் சொன்னதால் எடையும் குறைய வேண்டும். ஜனவரி 1 அன்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினார்: நாலு மணிக்கு எழுவது, அரை மணி நேரம் நடப்பது, ஒன்றரை மணி நேரம் படிப்பது, சர்க்கரை இல்லாத டீ, செல்லைத் தொடாமல் இருப்பது. போகிக்கு முன்பே எல்லாம் நின்றுவிட்டது. அப்புறம் சித்திரை முதல் நாள், ஆடி முதல் நாள் என்று மறுபடி மறுபடி தொடக்கம். "நாலு நோட்டு வாங்கினேன். நாலிலும் முதல் ஆறேழு பக்கம்தான் எழுதியிருக்கு" என்கிறார். "உன்னால ஒண்ணும் ஆவாது" என்று கணவர் சிரித்துக்கொண்டே சொல்வது மனதைத் தைக்கிறது. எதிலும் மனசு நிற்பதில்லை, படித்த வரியையே திரும்பப் படிக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை: எந்தப் பழக்கத்தை மாற்றினால் மனம் தெளியும்? எல்லாருக்கும் 21 நாளில் வருகிற பழக்கம் எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுமூச்சாகப் படிக்கட்டுமா?

பதில்

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'நான் சோம்பேறி' என்று வருகிறது. அதே கடிதத்தில் உங்களுடைய ஒரு நாளையும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, ஐந்து பேருக்குச் சமைத்து, நாலு டப்பா கட்டி, வேன் ஏறி, நாள் முழுக்க நின்றுகொண்டே ஒரு லைனின் டார்கெட்டை முடித்துக் கொடுத்து, திரும்பி வந்து இரவுச் சமையல், பையனுக்கு வீட்டுப்பாடம், பாத்திரம், மறுநாளுக்குக் காய் நறுக்கி வைப்பது. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் வைத்தியமும் தப்பாகத்தான் போகும் என்பதால் சொல்கிறேன்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஐந்து மணிக்கு எழுவதைச் சொல்கிறீர்கள். நாலாம் பக்கத்தில், செல்லைப் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டரை ஆகிவிடுகிறது என்று தனியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். நாலரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். ஜனவரியில் நாலு மணிக்கு எழத் தொடங்கியபோது அது மூன்றரை ஆகியிருக்கும். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்றரை மணி நேரம் தூங்கியவர் போகி நெருங்குகிற வரை தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

மனசு நிற்கவில்லை, படித்த வரியையே திரும்பப் படிக்கிறேன் என்கிறீர்களே, அதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். தூக்கம் பற்றி 2003இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், சிலரைத் தினம் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு, இரண்டு வாரம் கவனித்தார்கள். அதன் முடிவில் அவர்களுடைய கவனமும் நினைவும், ஓரிரு இரவுகள் தூங்காமலே இருந்தவர்கள் அளவுக்குக் குறைந்துபோயிருந்தன. அதைவிட முக்கியமான ஒன்று: தாங்கள் இவ்வளவு மந்தமாகிவிட்டோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. உங்களுக்கு ஆறு மணி நேரம்கூட இல்லை. வருடக்கணக்காக இப்படி ஓடுகிறது. அதனால் 'மனத்தெளிவு' என்று நீங்கள் தேடுவது, என் கணிப்பில், முதலில் தூக்கம்.

நம் பக்கத்து வெயிலுக்கு விடியற்காலைதான் படிக்கத் தோதான நேரம் என்பது உண்மைதான். சித்திரை, வைகாசியில் பகலில் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராது. ஆனால் நாலு மணிக்கு எழுந்து சாதித்ததாகச் சொல்கிறவர்கள் இரவு ஒன்பதரைக்குப் படுத்திருப்பார்கள். அப்படி எழச் சொல்கிற வீடியோக்களில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டில் காலை டப்பாவைக் கட்டியது யார் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இருபத்தோரு நாள் கணக்கு

இந்த எண் பலரையும் வருத்துகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1960இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று தான் கவனித்ததை எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வாய்க்கு வாய் மாறும்போது உதிர்ந்துவிட்டது. முகத்துக்குப் பழகுவது எல்லாப் பழக்கத்துக்குமான விதியாகிவிட்டது.

உண்மையிலேயே அளந்து பார்த்தது லண்டனில். 2009இல் வெளியான அந்த ஆய்வில் 96 பேர் தலைக்கு ஒரு புதுப் பழக்கத்தைப் பன்னிரண்டு வாரம் செய்து பார்த்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது, ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது, கொஞ்ச தூரம் ஓடுவது போன்ற சின்னச் சின்னப் பழக்கங்கள். அது தானாக வருகிற நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

இந்தக் கடைசி விஷயம் உங்களுக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. உங்கள் நாலு நோட்டும் ஆறேழு பக்கத்தில் நின்றதற்குக் காரணம், ஒருநாள் விட்டுப்போனதும் 'போச்சு, அடுத்த ஒண்ணாம் தேதி பார்த்துக்கலாம்' என்று மூடிவைத்ததுதான். விட்டுப்போன மறுநாளே தொடர்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும், வீடு கொள்ளாத அளவுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். அந்த நாட்களில் எந்தப் பழக்கமும் நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. விருந்தாளிகள் கிளம்பிய மறுநாள் வேன் ஏறும்போது விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். புது நோட்டு வேண்டாம், அதே நோட்டின் அடுத்த பக்கம் போதும்.

ராத்திரி பத்தே காலிலிருந்து பன்னிரண்டரை வரை

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தி வைத்த இடம் இது. "எல்லாரும் படுத்த பிறகு ஹாலில் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்து செல்லை எடுப்பேன். அப்போதுதான் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே அதைக் 'கெட்ட பழக்கம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அதைக் கெட்ட பழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். காலை ஐந்து மணியிலிருந்து மருமகளாக, அம்மாவாக, மனைவியாக, சூப்பர்வைசராக இருந்துவிட்டு, நீங்கள் நீங்களாக இருக்கிற ஒரே நேரம் அது. அதனால்தான் 'இனிமேல் செல்லைத் தொட மாட்டேன்' என்கிற சபதம் ஒவ்வொரு முறையும் தோற்கிறது. உங்களுக்கென்று இருக்கிற ஒரே நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை என்றால் மனசு ஒப்புக்கொள்ளுமா? ஆக, அந்த நேரத்தை ஒழிக்க வேண்டாம், இடம் மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது? வேனுக்கு.

வேன் குடியாத்தத்தில் கிளம்பி மாதனூர் வழியாகக் கம்பெனிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்கிறீர்கள். திரும்பி வரவும் அதே நேரம். இப்போது அந்த நேரத்தில் அரைத் தூக்கமும் அரைப் பேச்சுமாக வருகிறீர்கள். முதல் இரண்டு வாரம் ரீல்ஸை வேனில் பாருங்கள். ஆமாம், பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆசை தீரப் பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் செல்லைச் சமையலறை அலமாரியில் சார்ஜில் போட்டுவிடுங்கள். அது இரவு முழுக்க அங்கேயே இருக்கட்டும். எழுவதற்கு அலாரம் வேண்டும் என்றால் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். அலாரத்துக்காகத் தலைமாட்டில் வைத்த செல்தான் பன்னிரண்டரை வரை கையில் இருக்கிறது.

இடத்தை மாற்றுவதற்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2002இல் வெளியான ஒரு ஆய்வில், கலந்துகொண்டவர்கள் மணிக்கொரு முறை தாங்கள் செய்துகொண்டிருப்பதைக் குறித்து வைத்தார்கள். அதில் 43 சதவீதம் ஏறத்தாழ தினமும், பெரும்பாலும் அதே இடத்தில், வேறு எதையோ நினைத்துக்கொண்டு செய்தவை. பீரோவில் சாய்ந்ததும் கை தானாகச் செல்லுக்குப் போவது இந்த வகைதான். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு மன உறுதியோடு மல்லுக்கட்டுவதைவிட, அந்த இடத்தில் உட்காராமல் இருப்பது எளிது.

படுக்கிற நேரத்தை ஒரே நாளில் பத்தே காலுக்குக் கொண்டுவர முடியாது. இந்த வாரம் பன்னிரண்டு, அடுத்த வாரம் பதினொன்றரை என்று நகர்த்துங்கள். இரவு ஒன்பது மணிக்கு மாமியாரோடு குடிக்கிற டீயை மட்டும் இப்போதே நிறுத்திவிடுங்கள். டீயில் இருக்கிற கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாமியாரோடு உட்காருவதை நிறுத்தச் சொல்லவில்லை, பாலாகக் குடிக்கலாம்.

ரத்தப் பரிசோதனை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருந்தால், எந்தப் பழக்கத்தை மாற்றினாலும் அசதி போகாது. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள் அல்லவா? அதிலேயே ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி மூன்றையும் பார்த்துவிடலாம். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால்தான் 'பார்டர்'. முகாமில் விரல் நுனியில் குத்திப் பார்த்ததை வைத்து முடிவுக்கு வர முடியாது. குறைவான தூக்கம் சர்க்கரையையும் பசியையும் ஏற்றிவிடும் என்பதால், தூக்கம் சரியாவது இதற்கும் நல்லது. நடைக்குத் தனியாக அரை மணி நேரம் தேட வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனி வளாகத்துக்குள்ளேயே பத்து நிமிடம், இரவு சாப்பிட்டதும் பிள்ளைகளோடு தெருமுனை வரை பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், வாரத்துக்கு 150 நிமிடம் நடை என்று மருத்துவர்கள் சொல்கிற கணக்கு ஏறத்தாழ வந்துவிடும்.

மூன்று ஆசைகளுக்குள் இருக்கிற ஒன்று

குரூப் 4 ஏன் வேண்டும் என்பதற்கு நீங்கள் எழுதியது: "நேரத்துக்கு வீட்டுக்கு வரலாம்." தையல் கடை ஏன்? "பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம்." தையல் கடைக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் மெஷின் இருக்கிறதா, பிளவுஸ் வெட்டத் தெரியுமா என்று ஒரு வார்த்தை இல்லை. ஷூ அப்பர் தைக்கிற லைனை நடத்துவதும், அளவு எடுத்து பிளவுஸ் தைப்பதும் வேறு வேறு வேலைகள் என்று உங்களுக்கே தெரியும்.

இதைப் படிக்கும்போது, தாசில்தார் அலுவலகத்து மேஜையோ தையல் மெஷினோ உங்கள் ஆசை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சாயங்காலம்தான் உங்களுக்கு வேண்டும். பொண்ணு பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லும்போது கேட்கிற இடத்தில் இருக்க வேண்டும். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால், யோசிக்க வேண்டிய வழிகள் கூடுகின்றன. பி.காம். முடித்து, ஆறு வருடம் ஆட்களையும் கணக்கையும் பார்த்திருக்கிறீர்கள். டேலி என்கிற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டால் குடியாத்தத்திலேயே ஒரு கடையிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ வேலை கிடைக்கலாம். சம்பளம் குறையலாம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமலும் போகலாம். ஆனால் தினம் ஒன்றரை மணி நேர வேன் பயணம் மிச்சம். இப்போதைய கம்பெனியிலேயே கணக்குப் பிரிவில் இடம் காலியானால் கேட்கலாம். இதையெல்லாம் நீங்கள் யோசிக்காமல் இருந்ததற்குக் காரணம், 'பெரிய லட்சியம்' என்றால் அரசு வேலை, இல்லாவிட்டால் சொந்தத் தொழில் என்று நம் ஊரில் பேசிப் பேசிப் பழகிவிட்டதுதான்.

'மனம் தெளிந்த பிறகு தொடங்குகிறேன்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்து யோசித்தே அந்தத் தெளிவு வந்துவிடாது. குரூப் 4 உங்களுக்கு ஒத்துவருமா என்பது இரண்டு மாதம் படித்துப் பார்த்தால்தான் தெரியும். தையல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தில் தெரிந்தவரிடம் போய் ஒரு பிளவுஸை முழுதாகத் தைத்துப் பார்த்தால் தெரியும்.

குரூப் 4 பற்றி, தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: ஒரே தேர்வு, நேர்காணல் கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மீதியில் 75 பொது அறிவு, 25 கணக்கு. தனிவட்டி, கூட்டுவட்டி, சதவீதம் எல்லாம் பி.காம். படித்த உங்களுக்குக் கைவந்தவை. பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு உண்டு. பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்திருந்தால் அதற்கான 20 சதவீத முன்னுரிமையும் உண்டு, பள்ளியில் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போட்டியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2025இல் 3,935 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது 13 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் விண்ணப்பித்தார்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து காலை வேனில் படிப்பைத் தொடங்கலாம். 'தினம் படிப்பேன்' என்று எழுதாதீர்கள். 'வேன் கிளம்பியதும் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பேன், மாதனூர் தாண்டும் வரை படிப்பேன்' என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, என்ன என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கிற வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. வேன் குலுங்கலில் தலை சுற்றினால் பாடத்தைக் காதில் கேளுங்கள். மாதனூர் தாண்டியதும் புத்தகத்தை மூடிவிட்டுப் பேசலாம், பாட்டுக் கேட்கலாம். சாயங்கால வேன் முழுக்க உங்களுக்கே, அதில் படிப்பைக் கொண்டுவராதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். வேலூர் அலுவலகத்தில் எந்தக் கிழமை, எந்த நேரம் என்று கேட்டு வையுங்கள்.

வேலையை விடலாமா?

இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வருடம் வீட்டில் இருந்து படிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் வீட்டில் இருந்தால் உங்கள் வீட்டில் உங்களைப் படிக்க விடுவார்களா? 'வீட்டிலதானே இருக்கே' என்று ரேஷன் கடையிலிருந்து சொந்தக்காரர் வீட்டுச் சடங்கு வரை எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். இதை உங்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. அதுபோக, வேலை போனால் இ.எஸ்.ஐ. போகும், அதோடு பிள்ளைகளுக்குக் கிடைக்கிற மருத்துவமும் போகும். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், உங்களுக்கு ஆறுதான் ஆகிறது. ஐந்து வருடம் தாண்டியதால் எப்போது விலகினாலும் பணிக்கொடை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்கிற கணக்கில். அதை யாரும் 'கம்பெனி பார்த்துக் கொடுப்பது' என்று சொன்னால் நம்பாதீர்கள், அது சட்டப்படி உங்கள் பணம்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஓவர்டைமைக் குறைப்பது. மாதத்தில் எத்தனை நாள் ஓவர்டைம் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு வருகிறது என்று சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம், அப்படித்தான் வருகிறதா என்றும் பாருங்கள். அந்தத் தொகை எந்தச் செலவுக்குப் போகிறது என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். வாரத்துக்கு இரண்டு ஓவர்டைம் குறைந்தால் மூன்று மணி நேரம் கிடைக்கிறது. நாலு மணிக்கு எழுவதைவிட இது நல்ல வழி.

வீட்டுக்காரரிடம்

'உன்னால ஒண்ணும் ஆவாது' என்பதை அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது உங்களைக் காயப்படுத்துகிறது என்று இதுவரை அவரிடம் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. சண்டை நேரத்தில் சொல்லாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சாப்பிட்டு முடித்து நிதானமாக இருக்கும்போது, 'நீங்க சிரிச்சுக்கிட்டுச் சொல்றீங்க, எனக்கு அது ரெண்டு நாளைக்கு மனசுல நிக்குது, இனிமே அப்படிச் சொல்லாதீங்க' என்று மட்டும் சொல்லுங்கள். பழைய கணக்கை எடுக்காதீர்கள்.

உதவி கேட்கும்போதும் பொதுவாகக் கேட்காதீர்கள். 'கொஞ்சம் ஒத்தாசையா இருங்க' என்றால் அவருக்கும் என்ன செய்வது என்று தெரியாது. 'செவ்வாயும் வியாழனும் ராத்திரிப் பாத்திரம் உங்களுது, பையனோட வீட்டுப்பாடம் தினமும் உங்களுது' என்று சொல்லுங்கள். அவர் எட்டரைக்கு வந்துவிடுகிறார் என்கிறீர்கள், கணக்கு எழுதுகிறவர், யு.கே.ஜி. வீட்டுப்பாடம் அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. மாமியார் முகம் சுளிக்கலாம். அவரிடம் நீங்கள் பேசுவதைவிட அவர் மகன் பேசுவது நல்லது. அந்த அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதால்தான் உங்களால் வேலைக்குப் போக முடிகிறது, அதை அவர் காதுபட அடிக்கடி சொல்லுங்கள். 'காய் நறுக்கறது மட்டும் சாயங்காலம் நீங்க செஞ்சா நான் பத்து மணிக்குப் படுத்துடுவேன் அத்தை' என்று காரணத்தோடு கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், 'சில நாள் எதற்கு எழுந்திருக்கணும் என்று தோன்றும்' என்று ஒரு வரி எழுதி, அதை அடித்துவிட்டிருக்கிறீர்கள். அடித்த வரியையும் படித்தேன். அலுப்பில் எல்லோருக்கும் வருகிற எண்ணமாக இருக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருந்தால், பிள்ளைகளோடு இருப்பதுகூடச் சந்தோஷம் தராவிட்டால், படுத்தும் தூக்கம் வராவிட்டால், வாழவே வேண்டாம் என்று ஒருமுறை தோன்றினாலும், அதைப் பழக்கத்தை மாற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதற்கு மருத்துவர் வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி.யின் மனநலப் பிரிவுக்கோ போகலாம். அந்த வரி இப்போதும் உண்மையாக இருந்தால், இந்தப் பதிலில் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதை முதலில் செய்யுங்கள்.

அப்படி இல்லை, வெறும் அசதிதான் என்றால், இந்த வாரம் உங்களுக்கு இரண்டே வேலை: அலாரம் கடிகாரம் வாங்குவது, இ.எஸ்.ஐ.யில் ரத்தம் கொடுப்பது. புத்தகத்தை இரண்டு வாரத்துக்குத் தொடாதீர்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், சாயங்காலம் பற்றி நான் நினைத்தது சரியா என்பதையும் சேர்த்து.